வார் இறுக்கமாகத்தான் இருந்தது

இருபத்தொரு வயதில் செபாஸ்டியனுக்கு அவன் உடம்பே எதிரியாகிவிட்டது. அதுவரை நெத்திலி மாதிரி இருந்தவன், எழுபத்தாறாம் வருஷத் தொடக்கத்திலிருந்து தோளிலும் தொடையிலும் சதை பிடிக்கத் தொடங்கினான். வேறு வீடாக இருந்தால் பிள்ளை தேறி வருகிறான் என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். செபாஸ்டியனோ மலேசியாவில் ஈப்போ குதிரைப் பந்தயத் திடலில் ஜாக்கி. ஜாக்கிக்கு உடம்பில் ஒரு கிலோ கூடினால் கையிலிருந்து ஒரு குதிரை போய்விடும்.

அவன் பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில், ரப்பர் பால் எடுக்கிற ஒரு கித்தாத் தோட்டத்தில் பிறந்தவன். அங்கே வெள்ளைக்காரத் தொரை பங்களாவில் இரண்டு குதிரைகள் வைத்திருந்தார். அவற்றுக்குப் புல் அறுத்துப் போடுவது செபாஸ்டியனின் தகப்பனார் வேலை. புல்லுக்கட்டின் பின்னாலேயே போய்ப் போய், நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவனுக்குக் குதிரை பழக்கம். குதிரையின் கழுத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றால் அவனுக்கு உலகத்தில் வேறொன்றும் வேண்டாம். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது தொரையும் போனார், குதிரைகளும் போயின. தாயும் தகப்பனும் அடுத்தடுத்து இறந்த பிறகு அக்கா ஹில்டா அவனை ஈப்போவில் உள்ள புந்தோங்குக்குக் கூட்டிவந்தாள். அவள் ஜெலாப்பாங்கில் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அவன் நேராகப் பந்தயத் திடலின் லாயத்துக்குப் போய்விட்டான். சாணி அள்ளினான், காலை ஓட்டத்தில் குதிரைகளை நடத்தினான், பிறகு ஓட்டினான், பதினெட்டு வயதில் ஜாக்கி உரிமம் வாங்கினான். மூன்று வருஷத்தில் ஏழு பந்தயம் ஜெயித்திருந்தான். அதில் மூன்று, செவலையின் மேல்.

செவலை ஐந்து வயதுப் பெண்குதிரை. பந்தயப் புத்தகத்தில் அதற்கு நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்று இருந்தது. லாயத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. அதன் நிறத்தைப் பார்த்து 'செவலை' என்று கூப்பிட ஆரம்பித்தவர் அதைப் பராமரித்த சைஸ் பத்துமலை. குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, கால் பிடித்துவிட்டு, சேணம் பூட்டுவது வரை சைஸின் பொறுப்பு. பத்துமலைக்கு அதில் இருபத்தாறு வருஷம். ஐம்பதை நெருங்கிய மனிதர், அதிகம் பேசமாட்டார். பேசினால் குதிரையிடம் பேசுவார். அவரும் அவர் மனைவி ராக்காயியும் லாயத்தை ஒட்டிய குடியிருப்பில் ஓர் அறையில் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, டிரெய்னர் சியா செபாஸ்டியனைக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை செவலை ஓடுது. அம்பத்தொண்ணு கிலோவுக்கு வந்தா நீ ஏறலாம். வரலன்னா கோலாலம்பூர்லேருந்து ஆள் கூப்பிடுவேன். அப்புறம் நீ காலையில குதிரை நடத்துற வேலையோட நிக்க வேண்டியதுதான்."

"வந்துடுவேன் பாஸ்."

அன்றைக்கு அவன் எடை ஐம்பத்து நாலு.

அந்த வாரம் முழுக்க அவன் கறுப்புக் காப்பியையும் பாதி ஆரஞ்சுப் பழத்தையும் தவிர வேறு எதையும் தொடவில்லை. உச்சி வெயிலில் பிளாஸ்டிக் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு திடலைச் சுற்றி ஓடினான். ஹில்டா பிசைந்து வைத்த சோறு அப்படியே ஈ மொய்த்துக் கிடந்தது.

"ஒரு வாய் சாப்பிடு. மூஞ்சியப் பாரு, சவம் மாதிரி இருக்கு" என்றாள் அவள்.

"சனிக்கிழமை சாயந்திரம் சாப்பிடுறேன். போலா, தொந்தரவு பண்ணாதே."

வெள்ளிக்கிழமை வரைக்கும் ஐம்பத்திரண்டரைக்குக் கீழே இறங்கவில்லை. இன்னொரு ஜாக்கி கொடுத்த மாத்திரையை அன்று விழுங்கினான். உடம்பிலுள்ள தண்ணீரையெல்லாம் வெளியேற்றுகிற மாத்திரை அது. ஒன்று போதும் என்று கொடுத்தவன் சொல்லியிருந்தான். செபாஸ்டியன் மூன்று போட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் தராசு முள் ஐம்பத்தொன்றைத் தொட்டு நின்றது. சியா தலையாட்டினார். செபாஸ்டியனுக்குச் சிரிக்க வந்தது, ஆனால் உதடு பல்லோடு ஒட்டிக்கொண்டது. இறங்கும்போது தரை கொஞ்சம் சாய்ந்ததுபோல் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டான்.

சேணம் பூட்டும் கொட்டகையில் பத்துமலை செவலையின் வயிற்றடியில் குனிந்து வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். சேணத்தைக் குதிரையின் முதுகோடு பிணைத்து நிறுத்துவது அந்த வார்தான். ஒருமுறை இழுத்துக் கொக்கி போட்டார். பிறகு குதிரையை நாலு எட்டு நடத்திவிட்டு, அது மூச்சை விட்டதும் இன்னும் ஒரு துளை தள்ளி இழுத்தார். விரலை உள்ளே நுழைத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது செபாஸ்டியனின் முகத்தைப் பார்த்தார்.

"என்னா தம்பி, கையெல்லாம் ஆடுது?"

"ஒண்ணும் இல்லண்ணே. காய்ச்சல் விட்ட ஒடம்பு."

"கண்ணு உள்ள போயிருக்கு. இன்னிக்கு வேணாம்லா. பாஸ்கிட்ட நான் சொல்லட்டா?"

"சொல்லாதீங்கண்ணே." அவன் குரல் கெஞ்சலாக வந்தது. "இன்னிக்கு விட்டா அடுத்தது இல்ல. எனக்கு வேற என்னா தெரியும்? குதிரைய விட்டா எனக்கு ஒண்ணுமே தெரியாதுண்ணே."

பத்துமலை சியா நின்ற பக்கம் திரும்பினார். குதிரைகளைத் திடலுக்குக் கொண்டுவரச் சொல்லி மணி அடித்தது. அவர் குனிந்து, இரண்டு கையையும் கோத்து, அவன் முழங்காலுக்குக் கீழே கொடுத்துத் தூக்கிச் சேணத்தில் ஏற்றிவிட்டார்.

ஆயிரத்து நானூறு மீட்டர் பந்தயம் அது. ஓட்டம் தொடங்கிய முதல் பாதியில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. செவலை நாலாவதாக, நிதானமாக, காதை முன்னால் நீட்டி ஓடியது. கடைசி வளைவில் அதை வெளியே எடுத்து விரட்ட வேண்டும் என்று செபாஸ்டியனுக்குத் தெரியும். கடிவாளத்தைத் தளர்த்தினான். அப்போது கண்ணின் ஓரங்களிலிருந்து கறுப்பு ஏறி வந்தது. கூட்டத்தின் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் தூரமாகியது. அவன் இடப்பக்கம் சரிந்தான். சரிகிறவன் கைக்குக் கிடைத்ததைப் பிடிப்பான். அவன் பிடித்தது இடது கடிவாளத்தை. முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த குதிரை, அவன் தன்னைத் திரும்பச் சொல்கிறான் என்று நம்பித் திரும்பி, வேலியில் போய் மோதியது.

அவன் புல்லில் கிடந்து கண் விழித்தபோது பக்கத்தில் பச்சைத் துணியால் மறைப்புக் கட்டிக்கொண்டிருந்தார்கள். துணி கட்டி முடிவதற்குள் அவன் பார்த்துவிட்டான். செவலை எழுந்திருக்கப் பார்த்தது. முன்னங்கால் ஒன்று முழங்காலுக்குக் கீழே வேறு திசையில் தொங்கியது. மோதி விழுந்த வேகத்தில் சேணம் விலாவுக்குச் சரிந்து கிடந்தது. பத்துமலை மண்டியிட்டு அதன் தலையைத் தன் மடியில் அழுத்திப் பிடித்திருந்தார். அப்படிக் கால் முறிந்த குதிரையை வலியிலிருந்து விடுவிக்க ஒரே வழிதான் உண்டு. மிருக வைத்தியர் டாக்டர் ராமையா பெட்டியைத் திறந்தார். "படு தாயி, படு தாயி" என்று பத்துமலை சொல்லிக்கொண்டே இருந்தது துணிக்கு அப்பாலிருந்து கேட்டது. பிறகு ஒரு துப்பாக்கிச் சத்தம். அதற்குப் பிறகு பத்துமலையின் குரலும் நின்றுபோனது.

செபாஸ்டியனுக்குத் தோள் எலும்பும் இரண்டு விலா எலும்பும் முறிந்திருந்தன. மூன்றாம் நாள் பந்தய அதிகாரிகள் இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஒருவர் கையில் காகிதக் கோப்பு. படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், இரக்கமாகத்தான் கேட்டார்.

"குதிரை விழுந்த இடத்துல சேணம் பக்கவாட்டுல சரிஞ்சிருந்துச்சு. ஓடும்போது சேணம் நழுவுச்சா?"

அந்தக் கேள்வி வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. ராத்திரி முழுக்க, மாத்திரையைப் பற்றிக் கேட்பார்கள், தராசைப் பற்றிக் கேட்பார்கள் என்றுதான் நடுங்கிக்கொண்டிருந்தான். இப்போது அவர்களே ஒரு கதவைத் திறந்து, உள்ளே வா என்கிறார்கள். பொய்யை அவன் ஜோடிக்கக்கூட வேண்டியதில்லை. தலையை அசைத்தால் போதும்.

"ஆமாங்க சார்" என்றான்.

அதிகாரி எழுதிக்கொண்டார்.

யாருடைய பெயரையும் தான் சொல்லவில்லை என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருந்தான். வியாழக்கிழமை ஹில்டா வந்து செய்தி சொன்னாள்.

"பத்துமலை அண்ணன விசாரணைக்குக் கூப்பிட்டாங்களாம். வார் கட்டுனது யாருன்னு கேட்டிருக்காங்க. நான்தான்னு சொல்லியிருக்காரு. சரியா இறுக்குனியான்னு கேட்டதுக்கு, இறுக்குனேன்னு மட்டும் சொன்னாராம். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசலியாம். உரிமத்தப் புடுங்கிட்டாங்க. வீட்டையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

அவன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். வலி போலிருக்கிறது என்று நினைத்து ஹில்டா தலையணையைச் சரி செய்தாள்.

அவன் வீடு திரும்புவதற்குள் பத்துமலையும் ராக்காயியும் போய்விட்டிருந்தார்கள். சித்தியவான் பக்கம் ராக்காயியின் அண்ணன், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருப்பதாகவும், அங்கே போனதாகவும் லாயத்தில் சொன்னார்கள்.

மூன்று மாதம் கழித்து செபாஸ்டியன் வேலைக்குத் திரும்பினான். எடை ஐம்பத்தெட்டு. இனிப் பந்தயத்துக்கு ஆகாது என்று சியாவுக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது. காலை ஓட்டத்துக்கு ஒரு குதிரையைக் கொடுத்தார். அதன் சைஸ் சீனி என்கிற நடுத்தர வயதுக்காரர். அவர் வாரை இறுக்கிவிட்டு, செபாஸ்டியனின் கையைப் பிடித்து அந்த வாரின் மேல் வைத்தார்.

"நல்லா தொட்டுப் பாத்துக்கப்பா. இறுக்கமா இருக்கா? இருக்குன்னு வாயால சொல்லிட்டு ஏறு. அப்புறம் நாங்க யாரும் சித்தியவானுக்கு மூட்டை கட்ட முடியாது."

சுற்றி நின்ற மூன்று நாலு பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். செபாஸ்டியன் வாரின் மேல் கையை வைத்தபடி நின்றான். குதிரை மூச்சு விடும்போது வார் ஏறி ஏறி இறங்கியது. அவன் கையை எடுத்துக்கொண்டு, ஏறாமல், திடலைக் கடந்து வீட்டுக்கு நடந்துவிட்டான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஹில்டா கோயிலுக்குப் போய்விட்டு வந்து, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"அக்கா, அன்னைக்கு வார் சரியாத்தான் இருந்திச்சு."

அவள் கை நின்றது.

"நான் மாத்திரை போட்டிருந்தேன். மயக்கம் வந்து நான்தான் சரிஞ்சேன். நான் இழுத்துதான் செவலை வேலியில போயி மோதுச்சு."

ஹில்டா மடியிலிருந்த சட்டையை எடுத்து, கையை மடித்து, காலரை மடித்து, அடுக்கின் மேல் வைத்தாள்.

"நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப ரெண்டு நாள் கஞ்சி கொண்டாந்தேன்ல?"

"ஆமா."

"அது நான் காய்ச்சுனது இல்ல. எனக்கு எங்க நேரம்? ராக்காயி அக்கா காய்ச்சிக் குடுத்தது. ரெண்டாவது நாள் அவங்க வீட்டுச் சாமானெல்லாம் வெளிய கெடந்துச்சு. அடுப்ப மட்டும் கடைசியா எடுத்து வச்சாங்க."

செபாஸ்டியன் எழுந்து வெளியே போனான். இருட்டும்வரை வாசல் குழாயடியிலேயே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை சித்தியவானுக்குப் பஸ் ஏறினான்.

தோட்டத்தில் விசாரித்துப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. செம்பனைக் குலைகளை ஏற்றிய எருமை வண்டி ஒன்று செம்மண் பாதையில் வந்துகொண்டிருந்தது. வண்டியை ஓட்டி வந்தவர் பத்துமலை. கன்னம் ஒட்டி, ஆள் கறுத்திருந்தார். அவனைக் கண்டதும் வண்டியை நிறுத்தினார். எருமையை நுகத்திலிருந்து அவிழ்த்து, பக்கத்து வாய்க்கால் தண்ணீரில் இறக்கிவிட்டு வந்த பிறகுதான் அவனைப் பார்த்தார்.

"தோளு கூடிருச்சா?"

"கூடிருச்சுண்ணே. கொஞ்சம் கோணலா."

அப்புறம் அவன் சொல்ல வந்ததைச் சொன்னான். மாத்திரை, தராசு, ஆஸ்பத்திரி, 'ஆமாங்க சார்'. ஒன்றையும் விடவில்லை. பத்துமலை மரத்தில் சாய்ந்து நின்று கேட்டார்.

"நீ வந்து சொல்லுவேன்னு நெனச்சேன்" என்றார் முடிவில். "மொத வாரம் நெனச்சேன். ரெண்டாவது வாரம் நெனச்சேன். அப்புறம் விட்டுட்டேன்."

"நீங்க ஏண்ணே சொல்லல? எனக்கு ஒடம்பு சரியில்லன்னு ஒங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒங்க வேலை போயிருக்காது."

பத்துமலை தன் இரண்டு கைகளையும் ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

"என்னான்னு சொல்றது? அவனுக்கு முடியலன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சுக்கிட்டே கை கோத்து ஏத்திவிட்டேன்னா? வாரை நான் சரியாத்தான் கட்டுனேன். ஆனா ஒன்னைய ஏத்துனவன் நான்தானே. பாஸ்கிட்ட ஓடிப்போயி சொல்லியிருக்கலாம்ல? மணி அடிச்சிருச்சு, நீ கெஞ்சுன, நான் ஏத்திட்டேன். செவலைக்கு நாம ரெண்டு பேரும் செஞ்சதுதான் அது. வேலைய எடுத்துட்டாங்கன்னப்ப, சரி, எனக்கு வேணும்னு வந்துட்டேன்."

செபாஸ்டியன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "என்னைய மன்னிச்சிருங்கண்ணே."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்றார் பத்துமலை. குரலில் கோபம் இல்லை, இளக்கமும் இல்லை. "மன்னிக்க வேண்டியது இப்ப உயிரோட இல்ல. ஆனா ஒண்ணு. ஆபீசு புத்தகத்துல பத்துமலை வாரை ஒழுங்கா கட்டலன்னு எழுதியிருக்காங்க. நான் செத்த பின்னாலயும் அது அங்க இருக்கும். அதப் போயி மாத்தச் சொல்லு. வேலைக்காக இல்ல. அது பொய்யி."

அவன் எழுந்து கிளம்பியபோது ராக்காயி, வரிசை வீடுகளான தோட்டத்து லயத்தின் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.

செபாஸ்டியன் சியாவிடம்தான் முதலில் சொன்னான். சியா அலுவலகக் கதவைச் சாத்தினார்.

"பைத்தியமா ஒனக்கு? முடிஞ்சு போச்சு. இப்பப் போயி வாயத் திறந்தா இங்க மட்டும் இல்ல, பினாங்கு, சிங்கப்பூர், எந்தத் திடல்லயும் ஒன்னைய உள்ள விடமாட்டாங்க. அந்த ஆளுக்கு நான் ஏதாவது குடுத்து அனுப்புறேன். சபார்லா, பொறுமையா இரு."

"அவரு காசு கேக்கல பாஸ்."

விசாரணை அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த அதிகாரியும் அதில் இருந்தார். ஏன் இப்போது வந்து சொல்கிறாய் என்று அவர் கேட்டார். அதற்குச் செபாஸ்டியன் பதில் ஒன்று யோசித்து வைத்திருந்தான். அங்கே நின்றபோது அது மறந்துபோனது.

"வார் இறுக்கமாத்தான் இருந்திச்சு சார். அத எழுதிக்குங்க" என்று மட்டும் சொன்னான்.

எழுதிக்கொண்டார்கள். அவன் கையெழுத்துப் போட்டான். பத்து நாளில் தீர்ப்பு வந்தது. பத்துமலையின் மேல் குற்றம் இல்லை, உரிமம் திரும்பக் கொடுக்கப்படுகிறது. செபாஸ்டியனின் ஜாக்கி உரிமம் நிரந்தரமாக ரத்து. இரண்டு வருஷத்துக்கு அவன் திடலின் எல்லைக்குள் கால் வைக்கக்கூடாது.

அந்த இரண்டு வருஷமும் அவன் ஜெலாப்பாங்கில் பிளாஸ்டிக் வாளி செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்தான். இயந்திரம் வாளியைத் துப்பும், அவன் பிசிறை வெட்டி அடுக்குவான். கூட வேலை செய்தவர்கள் நல்லவர்கள்தான். வாளியிடம் பேச ஒன்றும் இல்லை. தினமும் சாயந்திரம் பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, திடலின் வெளிவேலி ஓரமாக நடந்து வீட்டுக்கு வருவான். குதிரைகள் அந்த நேரத்தில் லாயத்துக்குள் இருக்கும். வாசனை மட்டும் வரும்.

பத்துமலை வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று அடுத்த வருஷம் கேள்விப்பட்டான். சியாவிடம் அவர் போகவில்லை. வேறொரு டிரெய்னரிடம் சேர்ந்திருந்தார்.

தடை முடிவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது ஹில்டாதான் பேச்சை எடுத்தாள்.

"மறுபடி அங்கதான் போகப் போறியா?"

"ஜாக்கியா முடியாது."

"முடியாதுன்னு தெரியும். குதிரைன்னா ஓட்டுறது மட்டும்தானா வேலை? தீனி போடுறவன் இருக்கான், லாடம் அடிக்கிறவன் இருக்கான், மருந்து குடுக்கிறவன் இருக்கான். கதவு திறந்து விடுறவன்கூட இருக்கான். எதுலயாவது போயி நில்லேன். வாளிக்கு முன்னால உக்காந்து நீ இப்பிடி செத்துக்கிட்டு இருக்கிறத எத்தன நாளைக்குப் பாக்குறது?"

அவன் போய் நின்றான். சைஸ் வேலைக்கு ஒரு டிரெய்னர் சம்மதித்தார். அவர் லாயத்து சைஸ்கள் சம்மதிக்கவில்லை. இவன் வந்தால் நாங்கள் இல்லை என்று, அப்போது அங்கே சேர்ந்திருந்த சீனி முகத்துக்கு நேராகவே சொன்னார். அவர் சொன்னது நியாயம் என்று செபாஸ்டியனுக்குப் பட்டது. லாடம் அடிக்கிற சீனர் ஒருவாரம் வைத்துப் பார்த்தார். கோணலாகக் கூடிய தோள், குதிரையின் பின்னங்காலைத் தூக்கிப் பிடித்துச் சுத்தியலையும் வீச ஒத்துழைக்கவில்லை. "தங்கான் நல்ல தங்கான்" என்று அவன் கையை மலாயில் புகழ்ந்து தட்டிக்கொடுத்து, தோளைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார்.

கடைசியாக மிருக வைத்தியர் ராமையாவின் கொட்டகைக்குப் போனான். டாக்டர் ஒரு குதிரையின் பல்லை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"நீ யாருன்னு தெரியும். என்னா வேணும்?"

"வேலை, டாக்டர். எதுன்னாலும்."

"இங்க ஓட்டம் கெடையாது. கைதட்டல் கெடையாது. சீழு, ரத்தம், சாணி. நல்லாயிருக்கிற குதிரை இங்க வராது. நல்லாயிட்டா போயிடும். நல்லாகலன்னா நான் கொல்லுவேன், நீ தலையப் பிடிச்சுக்கணும். முடியுமா?"

செபாஸ்டியன் அந்தக் குதிரையின் கழுத்தில் கையை வைத்தான். டாக்டர் அரத்தைக் கழுவினார், குதிரையின் வாயைத் துடைத்தார், அவசரப்படுத்தவில்லை.

"முடியுமான்னு தெரியல டாக்டர். ஆனா வேற யாராவது பிடிக்கிறதுக்கு நான் பிடிக்கிறேன்."

திங்கட்கிழமை ஏழு மணிக்கு வரச் சொன்னார்.

அந்த வேலையை அவன் கற்றுக்கொள்ள நாலைந்து வருஷம் பிடித்தது. வீங்கிய காலுக்குக் கட்டுப் போடவும், காய்ச்சல் பார்க்கவும், மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்கு மருந்து இறக்கவும் பழகினான். எடை எழுபதைத் தொட்டது. யாரும் அவனைத் தராசில் நிற்கச் சொல்லவில்லை. பிடிக்க வேண்டிய தலைகளைப் பிடித்தான். ஒவ்வொரு தடவையும் அன்றைக்குச் சோறு இறங்காது. மறுநாள் வேலைக்குப் போய்விடுவான். சீனி முதலில் டாக்டரிடம் மட்டும் பேசினார், பிறகு ஒருநாள் அவனிடமே மருந்தைக் கேட்டு வாங்கிப் போனார். பத்துமலையை அவன் தினமும் பார்த்தான். அவர் தூரத்தில் குதிரையை நடத்திக்கொண்டு போவார். இவன் நின்று தலையைக் குனிவான். அவர் நிற்காமல் போவார். இப்படியே வருஷங்கள் ஓடின.

எண்பத்து மூன்றில், ஒரு பந்தய நாளன்று காலை பத்து மணி இருக்கும். டாக்டர் திடலின் மறுபக்கத்தில் குதிரைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். பத்துமலை கொட்டகை வாசலுக்கே ஒரு கறுப்புக் குதிரையை இழுத்துக்கொண்டு வந்தார். குதிரைக்கு வேர்த்துக் கொட்டியது. திரும்பித் திரும்பித் தன் விலாவைக் கடிக்கப் பார்த்தது.

"டாக்டர் எங்க?"

"அந்தப் பக்கம் இருக்காரு. ஆள் அனுப்புறேன். என்னாண்ணே?"

"வயிறு. விடிகாலையிலேருந்து சாணி போடல. ரெண்டு தரம் படுத்து உருண்டுருச்சு."

ஓர் ஆளை ஓடவிட்டு, செபாஸ்டியன் குதிரையின் விலாவில் காதை வைத்தான். உள்ளே குடலின் சத்தமே இல்லை. குடல் முறுக்கிக்கொண்டால் குதிரை பிழைக்காது. உருளவிட்டால் முறுக்கிக்கொள்ளும்.

"நடத்திக்கிட்டே இருங்கண்ணே. நிக்க விடாதீங்க. டாக்டர் வந்ததும் குழாய் விட்டுருவோம்."

பத்துமலை நடத்தினார். அவர் கை ஓய்ந்தபோது செபாஸ்டியன் கயிற்றை வாங்கினான். இவன் கை ஓய்ந்தபோது அவர் வாங்கினார். டாக்டர் ராமையா வந்து பார்த்து, ஊசி போட்டு, குழாயை விடச் சொன்னார். பத்துமலை தலையை அணைத்துப் பிடிக்க, செபாஸ்டியன் குழாயை மூக்குக்குள் அங்குலம் அங்குலமாக இறக்கினான். குதிரை முழுங்குகிற நேரம் பார்த்துத் தள்ள வேண்டும். எப்போது முழுங்கும் என்பது தொண்டையில் கை வைத்திருக்கிறவருக்குத்தான் தெரியும்.

"இப்ப" என்றார் பத்துமலை.

தள்ளினான்.

"இரு... இரு... இப்ப."

குடலை இளக்குகிற எண்ணெய் குழாய் வழியாக இறங்கியது. மறுபடி நடத்தினார்கள். தூரத்தில் பந்தயம் தொடங்கி, ஒன்று முடிந்து, இரண்டு முடிந்து, கூட்டம் கத்தி ஓய்ந்தது. இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மூன்றாவது பந்தயம் முடிகிற நேரம் குதிரை நின்று, வாலைத் தூக்கிச் சாணி போட்டது. பிறகு கழுத்தை நீட்டி, வேலி ஓரத்துப் புல்லைக் கடித்தது.

டாக்டர் விலாவில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டிப் போனார்.

பத்துமலை தலைத்துண்டால் குதிரையின் கழுத்து வேர்வையைத் துடைத்தார். முடி நரைத்து, முதுகு லேசாகக் கூனியிருந்தது. துடைத்து முடித்து, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு கிளம்பினவர், நாலடி போய் நின்றார்.

"நாளைக்குக் காலையில லாயத்துக்கு வந்து ஒருதரம் பாத்துரு."

"எத்தன மணிக்குண்ணே?"

"ஆறரைக்கு வா. தீனி போடுறதுக்கு முன்னால."

"வாரேண்ணே."

அவர் குதிரையை நடத்திக்கொண்டு போனார். செபாஸ்டியன் குழாயையும் வாளியையும் எடுத்துக்கொண்டு கழுவப் போனான்.